நோயாளர் காவு வண்டியில் அவசர மருந்து: பெட்டியை எண்ணுவதிலிருந்து கட்டிலில் ஒப்படைப்பது வரை

புதிதாக வண்டியில் ஏறுபவர்களுக்கு மருந்துகளின் பெயரும் அளவும் பெரும்பாலும் மனப்பாடமாகவே இருக்கின்றன. அவர்கள் தடுமாறுவது வரிசையில்தான்: எதை முதலில் பார்ப்பது, எப்போது அம்பியூலை (ஊசி மருந்துள்ள சிறு கண்ணாடிக் குப்பியை) உடைப்பது, உடைத்த பிறகு யார் எதைச் சரிபார்ப்பது. மட்டக்களப்பிலும் அம்பாறைக் கரையோரத்திலும் 1990 என்ற எண்ணில் அழைக்கும் சுவசெரிய வண்டியிலோ வைத்தியசாலையின் இடமாற்ற வண்டியிலோ வேலை பழகுபவர்களை மனதில் வைத்து இதை எழுதுகிறேன்.

கீழே வரும் அளவுகள், வேறுவிதமாகச் சொல்லாத இடங்களில், வளர்ந்தோருக்கானவை. எந்த மருந்தைச் சுயமாகக் கொடுக்கலாம், எதற்கு வைத்தியரைத் தொலைபேசியில் கேட்க வேண்டும் என்பதை உங்கள் சேவையின் நெறிமுறை தீர்மானிக்கும். இந்தக் குறிப்பும் நெறிமுறையும் முரண்பட்டால் நெறிமுறையே மேல். வீட்டில் இருப்பவர்கள் இதைப் பார்த்து ஊசி போடக் கூடாது.

1. புறப்படுமுன் பெட்டியை எண்ணுங்கள்

கடமை மாறும்போது முதல் வேலை இது. முந்தைய குழு "எல்லாம் இருக்கிறது" என்று சொன்னாலும் மூடியைத் திறந்து, கையால் தொட்டு எண்ண வேண்டும். எண்ணும்போதே எந்த மருந்து எந்த மூலையில் இருக்கிறது என்பது கைக்குப் பழகிவிடும். இருட்டில், ஒரு வயல் வாடியின் முன்னால், அது உதவும்.

காலாவதித் திகதியோடு நிறுத்திவிடாதீர்கள். நம் பக்கத்து வெயிலில் பூட்டிய வண்டி நிழலில்லாமல் நின்றால் உள்ளே சூடு மளமளவென்று ஏறும். பெரும்பாலான மருந்துகளின் உறையில் 25 அல்லது 30 பாகை செல்சியசுக்குள் வைக்கச் சொல்லியிருக்கும். அட்ரீனலின் நிறம் மாறி இளஞ்சிவப்பாகவோ பழுப்பாகவோ தெரிந்தால், திகதி மிச்சமிருந்தாலும் ஒதுக்கிவிடுங்கள். பிரசவ இரத்தப்போக்குக்கான ஒக்சிடோசின் 2 முதல் 8 பாகைக்குள் இருக்க வேண்டியது. குளிர்ப்பெட்டி இல்லாத வண்டியில் அதை நிரந்தரமாக வைத்திருப்பதில் பயனில்லை. நெஞ்சுவலிக்கு நாக்கின் கீழ் வைக்கும் ஜி.டி.என். (கிளிசரில் டிரைநைட்ரேட்) குளிசை ஒளியிலும் சூட்டிலும் வீரியம் இழக்கும். போத்தலைத் திறந்த நாளை மூடியில் எழுதுங்கள். 8 வாரம் கடந்தால் மாற்றுங்கள்.

ஒரே அளவிலான கண்ணாடி அம்பியூல்கள் ஒன்றாகக் கிடந்தால் அவசரத்தில் கை தவறானதை எடுக்கும். அட்ரீனலினையும் அட்ரோபினையும் பக்கத்துப் பக்கத்தில் வைக்காதீர்கள். பெயர் ஒலியும் கிட்டத்தட்ட ஒன்று, அம்பியூலும் கிட்டத்தட்ட ஒன்று.

ஒட்சிசனை அழுத்தமானியின் முள்ளை மட்டும் பார்த்து விட்டுவிடாமல் கணக்குப் போடுங்கள். உருளையின் கொள்ளளவை அழுத்தத்தால் பெருக்கினால் உள்ளே இருக்கும் வாயு லீற்றரில் கிடைக்கும். 5 லீற்றர் உருளை, 100 பார் என்றால் 500 லீற்றர். நிமிடத்துக்கு 10 லீற்றர் விட்டால் 50 நிமிடம். வெல்லாவெளிக்கு அப்பாலிருந்து மட்டக்களப்பு நகர் வரை வர அது போதுமா என்பதை முன்கூட்டியே யோசியுங்கள்.

2. போகும் வழியிலேயே திரும்பும் வழியை முடிவு செய்யுங்கள்

பாதையைக் கணக்கில் எடுக்காமல் மருந்தைத் தீர்மானிக்க முடியாது. வைத்தியசாலை 6 நிமிடத்தில் என்றால் மருந்து ஏற்ற ஒரு நரம்பு (இரத்த நாளம்) கிடைக்காததற்காக வீட்டு முற்றத்தில் 10 நிமிடம் செலவழிப்பது தவறு. படுவான்கரையின் உட்கிராமத்திலிருந்து வருகிறீர்கள் என்றால் கணக்கு வேறு. இரண்டாம் தடவை, மூன்றாம் தடவை மருந்தும் வழியிலேயே தேவைப்படும்.

கொக்கட்டிச்சோலைப் பக்கத்திலிருந்து மண்முனைப் பாலமா, வவுணதீவு வழியா, அல்லது பட்டிருப்புப் பாலத்தைக் கடந்து களுவாஞ்சிகுடி ஆதார வைத்தியசாலையா என்பதைச் சாரதியோடு போகும்போதே பேசிக்கொள்ளுங்கள். மாரிமழையில் இந்தக் கேள்விக்கு நேற்றைய விடை இன்று பொருந்தாது. கிரான், புலிபாய்ந்தகல் பக்கம் வெள்ளம் பாதையை மூடினால் நோயாளி படகில் ஏறி வருவார். அப்போது பெட்டியோடு நீங்கள் கரையில் காத்திருக்க வேண்டியிருக்கும்.

3. நோயாளியிடம்: பெட்டியைத் திறக்குமுன் நான்கு வேலை

சுவாசப்பாதை, சுவாசம், நாடி, இரத்தச் சீனி. இந்த நான்கையும் பார்க்காமல் பெட்டியைத் திறக்காதீர்கள். நாடியும் மூச்சும் இல்லாதவருக்கு உடனே நெஞ்சழுத்தம். அது ஒன்றே இதற்கு விலக்கு. மயங்கியவர், வலிப்பு வந்தவர், குழறிப் பேசுபவர், "குடித்துவிட்டுக் கிடக்கிறார்" என்று அயலவர் சொல்பவர் என எல்லோருக்கும் விரலில் குத்திச் சீனி பாருங்கள். பக்கவாதம் என்று நினைத்து ஓட்டிக்கொண்டு போன ஆளுக்குச் சீனி 38 (டெசிலீற்றருக்கு மி.கி.) ஆக இருப்பது அபூர்வம் அல்ல.

அடுத்து மூன்று கேள்வி: எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது, என்ன குளிசை குடிக்கிறார், கடைசியாக எப்போது சாப்பிட்டார். வாய்ப்பதிலை மட்டும் நம்பாதீர்கள். "பிரஷருக்கு ஒரு வெள்ளைக் குளிசை" என்பதிலிருந்து எதுவும் தெரியாது. கிளினிக் கொப்பியையும் குளிசைப் பையையும் கேட்டு வாங்குங்கள். நம் வீடுகளில் அது பெரும்பாலும் சாமிப் படத்தின் கீழோ அலுமாரியின் மேலோ ஒரு ஷொப்பிங் பையில் இருக்கும். உறவினர் ஒருவரிடம் அந்த வேலையைக் கொடுத்துவிட்டால் இரண்டு நன்மை: பை வரும், சுற்றி நிற்கும் கூட்டத்தில் ஒருவர் குறைவார்.

4. உடைக்குமுன் உரக்க வாசியுங்கள்

அம்பியூலைக் கையில் எடுத்ததும் பெயர், செறிவு, காலாவதி ஆகிய மூன்றையும் உங்கள் கூட்டாளி கேட்கும்படி வாசியுங்கள். அவர் அதைத் தன் கண்ணால் பார்த்துத் திருப்பிச் சொல்ல வேண்டும். "சரி" என்று தலையாட்டுவது கணக்கில் வராது. இரண்டாவது ஆள் சாரதி மட்டுமே என்றால் அவருக்கும் இதைப் பழக்குங்கள். எழுத்தையும் எண்ணையும் வாசிக்க மருத்துவப் படிப்பு வேண்டியதில்லை.

பிறகு அளவை மில்லிகிராமில் சொல்லி, அது எத்தனை மில்லிலீற்றர் என்று சொல்லுங்கள். இந்த மாற்றத்தில்தான் பெரும்பாலான பிழைகள் ஒளிந்திருக்கின்றன. வலிப்புக்குக் கொடுக்கும் மிடசோலம் மில்லிலீற்றருக்கு 1 மி.கி. ஆகவும் வருகிறது, 5 மி.கி. ஆகவும் வருகிறது. 10 மி.கி. வேண்டுமென்றால் ஒன்றில் 10 மில்லிலீற்றர், மற்றதில் 2 மில்லிலீற்றர். முதலாவதைத் தசையில் போடவே முடியாது.

இழுத்த சிரிஞ்சில் உடனே பிளாஸ்டர் ஒட்டி மருந்தின் பெயரையும் மொத்த அளவையும் எழுதுங்கள். பெயர் எழுதாத சிரிஞ்ச் உங்கள் கையை விட்டு ஒரு கணம் கீழே போனால் அதைக் கழிவில் போடுங்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று நினைவு இருப்பதாகத் தோன்றும். அந்தத் தோற்றத்தை நம்ப வேண்டாம்.

5. ஒவ்வாமை அதிர்ச்சி: முதலில் அட்ரீனலின், தொடையில்

இறால் சாப்பிட்ட பிறகோ, குளவி கொட்டிய பிறகோ, கடையில் வாங்கிய நுண்ணுயிர் எதிர்ப்பி விழுங்கிய பிறகோ தோல் தடித்து, கூடவே மூச்சு இறுகினாலோ, குரல் மாறினாலோ, தலை சுற்றி விழுந்தாலோ அட்ரீனலின் கொடுங்கள். தோல் தடிப்பு இல்லாமலும் இது வரும். அதனால் தடிப்புக்காகக் காத்திருக்காதீர்கள்.

அளவு 0.5 மி.கி.; அதாவது 1 மில்லிலீற்றரில் 1 மி.கி. உள்ள அம்பியூலில் அரை மில்லிலீற்றர். 6 முதல் 12 வயது வரை 0.3 மி.கி., 6 மாதத்திலிருந்து 6 வயது வரை 0.15 மி.கி. இடம்: தொடையின் நடுப்பகுதி, வெளிப்புறம், தசைக்குள். அங்கே இரத்த ஓட்டம் அதிகம் என்பதால் புயத்தை விட விரைவாக உடலில் சேரும். சாரத்தையோ சேலையையோ விலக்க நேரமில்லையென்றால் மெல்லிய துணியினூடாகவும் போடலாம். 5 நிமிடத்தில் முன்னேற்றம் இல்லையென்றால் மீண்டும் அதே அளவு.

இங்கே புதியவர்கள் செய்யும் பிழைகள் இரண்டு. ஒன்று, முதலில் குளோர்பெனிரமினும் ஹைட்ரோகோர்ட்டிசோனும் கொடுத்துவிட்டு "கொஞ்சம் பார்ப்போம்" என்று நிற்பது. அந்த இரண்டும் இறுகிய தொண்டையைத் திறக்காது, விழுந்த அழுத்தத்தை உயர்த்தாது. மற்றது இன்னும் ஆபத்தானது: நரம்பில் ஏற்றிய கனூலா (மருந்து செலுத்தும் மெல்லிய குழாய்) நோயாளியின் கையில் இருக்கிறதே என்று முழு அம்பியூலையும் நரம்பினுள் செலுத்துவது. நாடி உள்ளவருக்கு அந்த அளவு நரம்பில் போனால் இதயத் துடிப்பு தாறுமாறாகலாம், மாரடைப்பும் வரலாம். இதைத் தவிர்க்க ஓர் எளிய வழி, அட்ரீனலின் அம்பியூலை எப்போதும் 1 மில்லிலீற்றர் சிரிஞ்சோடும் தசைக்கான நீல ஊசியோடும் சேர்த்துத் தனிப் பொதியாக வைத்திருப்பது. பொதியின் மேல் "தொடை, அரை" என்று பெரிய எழுத்தில் எழுதிவிடுங்கள்.

ஊசி போட்ட பிறகு நோயாளியை எழுந்து நடக்க விடாதீர்கள். "இப்போது பரவாயில்லை, வண்டி வரைக்கும் நானே வருகிறேன்" என்பார். படுத்த நிலையிலிருந்து திடீரென எழுந்தால் இதயத்துக்குத் திரும்பும் இரத்தம் குறைந்து இதயம் அங்கேயே நின்றுவிடலாம். ஸ்ட்ரெச்சர் ஒழுங்கைக்குள் வராவிட்டால் கதிரையில் சாய்த்தல்ல, படுக்க வைத்தே தூக்குங்கள். மூச்சுத்திணறல் மட்டும் மிகுதியாக இருப்பவர் கால் நீட்டி உட்காரலாம். கர்ப்பிணி இடப்பக்கம் சாய்ந்து படுக்கட்டும். அழுத்தம் குறைந்திருந்தால் சேலைன் 500 முதல் 1000 மில்லிலீற்றர் வரை வேகமாக.

6. சீனி குறைவு: கொடுப்பதை விட, கொடுத்த பிறகு

70க்குக் கீழே, விழுங்க முடிகிறது என்றால் வாயால் சர்க்கரை: 15 முதல் 20 கிராம், தண்ணீரில் கரைத்து. விழுங்க முடியாதவருக்கு வாயில் எதையும் ஊற்றாதீர்கள். நீங்கள் போய்ச் சேருமுன் யாராவது சீனித்தண்ணீர் ஊற்றியிருப்பார்கள். உறிஞ்சி வெளியேற்றத் தயாராகப் போங்கள்.

நரம்பினால் என்றால் 10 வீத டெக்ஸ்ட்ரோஸ் 100 மில்லிலீற்றர், சில நிமிட இடைவெளியில் சீனியைப் பார்த்து மீண்டும். கையில் 50 வீதம் மட்டும் இருந்தால் அதில் 10 மில்லிலீற்றர் எடுத்து 40 மில்லிலீற்றர் ஊசித் தண்ணீர் சேருங்கள். 50 மில்லிலீற்றர் 10 வீதம் கிடைக்கும். 50 வீதத்தை அப்படியே தள்ளினால் சீனி ஏறும், சந்தேகமில்லை. ஆனால் கனூலா நரம்பை விட்டு நழுவியிருந்தால் அந்தக் கை புண்ணாகி அழுகும். ஆகவே செலுத்துமுன் 10 மில்லிலீற்றர் சேலைன் விட்டு வீக்கம் வருகிறதா என்று விரலால் தொட்டுப் பாருங்கள். நரம்பே கிடைக்காவிட்டால் குளுக்ககோன் 1 மி.கி. தசையில். ஆனால் பட்டினி கிடந்தவரிலும் நெடுநாள் குடிப்பவரிலும் ஈரலில் சேமிப்பு இல்லாததால் அது அவ்வளவாக வேலை செய்யாது. குடிப்பழக்கம் உள்ளவருக்குக் குளுக்கோசோடு தயாமினும் (விற்றமின் பி1) போக வேண்டும்.

கண் திறந்ததும் "நான் போகவில்லை, வீட்டிலேயே இருக்கிறேன்" என்பார். பையில் கிளிபென்கிளமைட்டோ கிளிக்ளசைடோ இருந்தால் விட்டுவிட்டு வராதீர்கள். அந்தக் குளிசைகள் மணிக்கணக்கில் இன்சுலினைச் சுரக்க வைத்துக்கொண்டே இருக்கும். நீங்கள் கொடுத்த குளுக்கோஸ் தீர்ந்ததும் சீனி மறுபடி விழும். சிறுநீரகம் பழுதானவர்களில் இது இன்னும் நீளும்.

நோன்பு மாதத்தில் காத்தான்குடி, நிந்தவூர், அக்கரைப்பற்றுப் பக்கங்களில் பிற்பகல் அழைப்புகளுக்கு இந்த எண்ணத்தோடே போங்கள். நினைவு இருப்பவர் நோன்பு முறியும் என்று சீனித்தண்ணீரை மறுப்பார். நோயாளிக்கு நோன்பை விட அனுமதி உண்டு என்பதை வீட்டுப் பெரியவர் சொன்னால் கேட்பார். நாம் சொன்னால் கேட்கமாட்டார். அதனால் பெரியவரைக் கூப்பிடுங்கள்.

7. நெஞ்சுவலி

அஸ்பிரின் 300 மி.கி., கடித்து மென்று விழுங்க. முழுதாக விழுங்கினால் இரத்தத்தில் சேரத் தாமதமாகும். ஒவ்வாமை, இரத்த வாந்தி, கறுப்பு மலம் உண்டா என்று முதலில் கேளுங்கள்.

ஜி.டி.என். கொடுக்குமுன் இரத்த அழுத்தம் எடுங்கள். மேல் எண் 90க்குக் கீழ் என்றால் கூடாது. ஈ.சி.ஜி. எடுக்க முடிந்தால் அதுவும் முன்பே: வலது இதயவறை பாதிக்கப்பட்டிருந்தால் இந்தக் குளிசை அழுத்தத்தைச் சரியவிடும். ஆண்மைக் குளிசை எடுத்தாரா என்பதையும் கேட்க வேண்டும். சில்டெனாஃபில் என்றால் 24 மணிநேரம், தடலாஃபில் என்றால் 48 மணிநேரம் ஜி.டி.என். கிடையாது. மனைவியும் மக்களும் சுற்றி நிற்கும்போது இதைக் கேட்டால் உண்மை வராது. வண்டிக் கதவைச் சாத்திய பிறகு, தாழ்ந்த குரலில் கேளுங்கள்.

ஒட்சிசன் செறிவு 94க்கு மேல் இருந்தால் முகமூடி தேவையில்லை.

8. முட்டு, அதாவது மூச்சு இழுப்பு

சல்பியூட்டமோல் 5 மி.கி., கடுமையானால் இப்ரட்ரோப்பியம் 0.5 மி.கி. சேர்த்து, நிமிடத்துக்கு 6 முதல் 8 லீற்றர் ஒட்சிசனில் நெபுலைசர். ஓட்டம் அதற்குக் குறைந்தால் மருந்து ஆவியாகாமல் கிண்ணத்திலேயே கிடக்கும். நெடுநாள் புகைத்து நுரையீரல் பழுதானவருக்கு ஒட்சிசன் செறிவின் இலக்கு 88 முதல் 92 வீதம். விசில் சத்தம் நின்றுவிட்டது என்று மகிழாதீர்கள். ஆள் களைத்து, நெஞ்சில் காற்றே நுழையாமல் இருந்தாலும் சத்தம் நிற்கும்.

9. வலிப்பு, கர்ப்பிணியின் வலிப்பு

5 நிமிடத்துக்கு மேல் நீடித்தால் மிடசோலம் 10 மி.கி. தசையில், 40 கிலோவுக்கு மேற்பட்டவருக்கு. டயசிபாம் நரம்பிலோ மலவாசலிலோ தான். தசையில் ஒழுங்காக உறிஞ்சப்படாது. எதைக் கொடுத்தாலும் மூச்சு மங்கலாம், ஆகவே அம்பு பையை (கையால் அழுத்தி மூச்சுக் கொடுக்கும் பையை) முதலிலேயே வெளியில் எடுத்து வையுங்கள்.

20 வாரத்துக்கு மேற்பட்ட கர்ப்பிணி, அல்லது பிள்ளை பெற்று 6 வாரத்துக்குள் உள்ள தாய் என்றால் முதல் மருந்து மக்னீசியம் சல்பேட் 4 கிராம், நரம்பினால், 5 முதல் 15 நிமிடத்தில். 50 வீத மருந்தில் 8 மில்லிலீற்றர் எடுத்து 12 மில்லிலீற்றர் சேலைன் சேர்த்தால் 20 மில்லிலீற்றரில் 4 கிராம். வீதத்தையும் கிராமையும் குழப்புவது இங்கே அடிக்கடி நடக்கும். வைத்தியரிடம் தொலைபேசியில் கேட்கும்போது கிராமிலும் மில்லிலீற்றரிலும் இரண்டு தடவை சொல்லுங்கள். முழங்கால் அனிச்சை மறைந்தாலோ மூச்சு நிமிடத்துக்கு 12க்குக் குறைந்தாலோ நிறுத்துங்கள். மக்னீசியத்தை முறிக்கும் மருந்து கல்சியம் குளுக்கோனேட் 1 கிராம். மக்னீசியம் கையில் இருக்கும்போது அது பக்கத்திலேயே இருக்க வேண்டும்.

10. கிருமிநாசினி நஞ்சு: அட்ரோபினை எண்ணிக்கொண்டு போங்கள்

வேளாண்மைக் காலத்தில் சம்மாந்துறை, வெல்லாவெளி, உன்னிச்சைப் பக்கங்களில் இது நம் வேலையின் ஒரு பகுதி. கையுறை போட்டு, நனைந்த உடுப்பைக் கழற்றி, உடலைக் கழுவி, வண்டியின் யன்னலைத் திறந்து வையுங்கள். வாந்தி எடுக்க வைக்க வேண்டாம். வீட்டார் போத்தலை மறைத்து வைத்திருப்பார்கள். கோபப்படாமல் கேட்டு வாங்குங்கள். யாரையும் விசாரிக்கும் இடம் அதுவல்ல.

எச்சில் வழிதல், வியர்வை, நெஞ்சில் கரகரப்பு, மெதுவான நாடி, ஊசிமுனைக் கண்மணி, தசைத் துடிப்பு ஆகியவை ஓகனோபொஸ்பேட் என்ற பூச்சிகொல்லி நஞ்சைக் காட்டும். அட்ரோபின் 1.8 முதல் 3 மி.கி. நரம்பில். நம்மிடம் உள்ள 0.6 மி.கி. அம்பியூல் என்றால் 3 முதல் 5. 5 நிமிடத்தில் நெஞ்சு காய்ந்து தெளியாவிட்டால் முந்தைய அளவின் இரு மடங்கு. 5 அம்பியூலில் தொடங்கினால் இரண்டாம் தடவைக்கு 10. ஐந்தே நிமிடத்தில் 15 முடிந்துவிடும். பெட்டியில் 10 வைத்துக்கொண்டு வயல்பக்கம் போகிறவர் பாதிவழியில் வெறுங்கையோடு நிற்பார்.

இலக்கு நுரையீரல் தெளிவது, நாடி 80க்கு மேல், மேல் அழுத்தம் 80க்கு மேல், அக்குள் காய்வது. கண்மணி விரிவது தாமதமாகலாம், அதை மட்டும் வைத்து முடிவெடுக்காதீர்கள். நாடி ஏற்கனவே வேகமாக இருக்கிறது என்று அட்ரோபினை நிறுத்துவதும், ஒட்சிசன் வந்த பிறகுதான் கொடுக்க வேண்டும் என்று காத்திருப்பதும் பழைய பழக்கங்கள். நெஞ்சில் நீர் நிறைந்திருக்கும்வரை அட்ரோபின் தேவை. பிதற்றல், காய்ச்சல், நின்றுபோன குடல் ஓசை தெரிந்தால் அளவு மிஞ்சிவிட்டது.

அலரி விதை உண்டவருக்கும் நாடி மெதுவாகும், ஆனால் அது வேறு நஞ்சு. ஈ.சி.ஜி.யைப் பார்த்து, வைத்தியரோடு பேசி, அட்ரோபினைச் சிறு அளவில் கொடுத்து விரைவாக ஓட்டுங்கள்.

11. இரத்தப்போக்கு, பாம்புக்கடி, நின்ற இதயம்

விபத்தில் பெருகும் இரத்தத்தை முதலில் கையால் அழுத்துங்கள். பிறகு டிரனெக்சாமிக் அமிலம் 1 கிராம், 10 நிமிடத்தில், காயப்பட்டு 3 மணிநேரத்துக்குள். வேகமாகத் தள்ளினால் அழுத்தம் விழும். 3 மணி கடந்தால் நன்மையை விடத் தீமை கூடும், ஆகவே விபத்து நடந்த நேரத்தைக் கட்டாயம் கேளுங்கள்.

பாம்புக்கடிக்கு வண்டியில் கொடுக்கும் மாற்று மருந்து எதுவும் இல்லை. விஷமுறிவு மருந்து வைத்தியசாலையில்தான், ஏனெனில் அதற்கே கடும் ஒவ்வாமை வரக்கூடும். கட்டியிருக்கும் கயிற்றை என்ன செய்வது என்று வைத்தியரிடம் கேளுங்கள், கடிபட்ட அங்கத்தை அசையாமல் வையுங்கள், வலிக்கு அஸ்பிரின் கொடுக்காதீர்கள். கண்ணாடி விரியன் கடியில் இரத்தம் ஏற்கனவே உறையாமல் இருக்கும்.

இதயம் நின்றவருக்கு நெஞ்சழுத்தமும் மின்னதிர்ச்சியும் முந்தும். அட்ரீனலின் 1 மி.கி. நரம்பில், 3 முதல் 5 நிமிடத்துக்கு ஒரு தடவை. பின்னால் 20 மில்லிலீற்றர் சேலைன், கையை உயர்த்திப் பிடித்து. கனூலாவுக்காக நெஞ்சழுத்தத்தை நிறுத்துபவரை நான் பல தடவை தள்ளி உட்கார வைத்திருக்கிறேன்.

12. கொடுத்ததும் நேரம் எழுதுங்கள், பிறகு ஒப்படையுங்கள்

வேலை முடிந்த பிறகு நினைவிலிருந்து எழுதும் நேரங்கள் எல்லாமே 5இலும் 10இலும் முடிகின்றன. உங்கள் தொடையில் ஒரு வெள்ளைப் பிளாஸ்டரை ஒட்டிக்கொண்டு, மருந்து, அளவு, வழி, நேரம் என்று கொடுத்த கணமே பேனையால் குறியுங்கள். ஒவ்வொரு மருந்துக்குப் பின்னும் நாடி, அழுத்தம், மூச்சு, செறிவு. குளுக்கோசுக்குப் பின் சீனி.

வைத்தியசாலைக்கு 10 நிமிடம் இருக்கும்போது சொல்லிவிடுங்கள். அவசரப் பிரிவில் ஒப்படைக்கும்போது நான்கு வரி போதும்: யார், என்ன நடந்தது, என்ன கண்டீர்கள், எதை எப்போது கொடுத்தீர்கள். கொடுத்தும் பயன் தராததையும் சொல்லுங்கள். உடைத்த அம்பியூல்களை ஒரு கிண்ணத்தில் சேர்த்துக்கொண்டு வந்து, எழுதியதோடு எண்ணிக்கை ஒத்துப்போகிறதா என்று தாதியின் முன்னிலையில் பாருங்கள். மிடசோலம், மோர்பின் மிச்சத்தைச் சாட்சியோடு அழித்துப் பதிவேட்டில் இருவரும் கையெழுத்திடுங்கள்.

குளிசைப் பையையும் கிளினிக் கொப்பியையும் வண்டியில் மறந்துவிடாமல் கட்டிலோடு ஒப்படைத்து, ஊசிகளைக் கூர்க்கழிவுப் பெட்டியில் போட்டு, தேநீருக்குப் போகுமுன் மருந்துப் பெட்டியை நிரப்புங்கள்.